கல்லாவுக்கு அந்தப் பக்கம்

காபிக் கடையில் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று டபராவை வாங்கியே பழகிப்போன எல்லோருக்கும் ஒரு சேதி: அந்தப் பக்கம் இதைவிட அமர்க்களம்! மேற்கு மாம்பலத்தில் ஒரு தெருமுனைக் கடை கைமாறியிருக்கிறது. வாங்கியவர்கள் என் கல்லூரித் தோழியும் அவள் கணவரும். முதல் பேச்சிலிருந்து புதுப் பெயர்ப்பலகை ஏறியது வரை கூடவே நின்று எட்டிப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. ஃபில்டருக்குப் பக்கத்தில் நிற்கலாம், கணக்கு நோட்டைப் புரட்டலாம், மாஸ்டரின் கையை மறிக்காமல் இருந்தால் போதும். காபி என்றால் உயிரை விடும் எனக்கு வேறென்ன வேண்டும்!

ஆரிய கவுடா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்று. நின்றுகொண்டே குடிக்கிற கடை. முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கிரானைட் மேடை, அதற்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டடி இடம். அதற்குள் ஒரு பித்தளை பாய்லர், ஒரு பால் பாய்லர், மூன்று பெரிய ஃபில்டர்கள், இரண்டு அடுப்பு, கழுவும் தொட்டி, மாஸ்டர், டம்ளர் கழுவும் தம்பி, வடை போடும் அக்கா, கல்லாவில் பெரியவர். இத்தனையும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் சுழல்வதைப் பார்த்தாலே பொழுது போய்விடும். பெரியவருக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் வெளியூரில். நல்ல கையில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று காத்திருந்தார். தோழிக்கோ கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மனிதர் முகம் பார்த்துச் செய்கிற தொழில் வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

கடைக்கு விலை என்றால் எதற்கு விலை? இடம் பெரியவருடையது இல்லை, வாடகை. பாய்லரையும் ஃபில்டர்களையும் பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போட்டால் கேட்ட தொகையில் கால்வாசிகூடத் தேறாது. மிச்சம் முழுக்க குட்வில். வாக்கிங் முடித்ததும் யோசிக்காமல் இந்தத் தெருவுக்குள் திரும்புகிறார்களே, அந்தக் கால்களுக்குத்தான் விலை! ஆனால் அந்தக் கால்கள் நிஜமாகவே அத்தனை உண்டா? "தினம் எண்ணூறு கப் ஓடுதும்மா" என்றார் பெரியவர். எப்படி நம்புவது? தோழியின் கணவர் கணக்குப் பிள்ளை வேலை பார்ப்பவர், கேட்டே விட்டார்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. பரணிலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினார். உள்ளே பால் சீட்டுகள்! மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு வருடத்துக்கு. "கல்லாவ எண்ணிக் காட்டுனா நம்புவீங்களா தம்பி? நாளைக்கு நானே என் கைக்காசைப் போட்டு எண்ணிக் காட்டலாம். இதப் பாருங்க. பால் பொய் சொல்லாது."

எனக்கு அங்கேயே புல்லரித்தது. எவ்வளவு சரியான பேச்சு! வசூலைக் கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொல்லலாம். ஆனால் யாரும் எண்பது லிட்டர் பாலைக் காசு கொடுத்து வாங்கிச் சாக்கடையில் ஊற்றமாட்டார்கள். கப்புக்கு 100 மில்லி பால் என்று வைத்தால் 80 லிட்டருக்கு 800 கப். அடுத்து பொடிக் கடையின் பில்: கப்புக்கு 10 கிராம் என்றால் நாளுக்கு 8 கிலோ. சரியாக இருக்கிறது. நீல நிற 19 கிலோ சிலிண்டர் மாதத்துக்கு எத்தனை மாறியது என்பது மூன்றாவது சாட்சி. யுபிஐ வரவு நான்காவது. கியூஆர் அட்டை வந்த பிறகு சின்னக் கடைகளுக்கு நடந்திருக்கும் பெரிய நன்மை இது. ஒவ்வொரு இருபது ரூபாயும் தேதி, மணியோடு பதிவாகிக் கிடக்கிறது. நான்கு சாட்சியும் ஒரே பேச்சு!

பால் சீட்டுகளை நான் இரவல் வாங்கி ஓர் இரவு முழுக்கப் புரட்டினேன். ஒரு பேட்டையின் வருடம் அதில் தெரிகிறது. மார்கழியில் பால் ஏறுகிறது: விடிகாலைக் கோயிலுக்குப் போகிறவர்கள், அயோத்யா மண்டபத்துக்கு உபன்யாசம் கேட்க வருகிறவர்கள். மே மாதத்தில் இறங்குகிறது, பாதிப் பேட்டை ஊருக்குப் போய்விடுகிறது. பெருமழை பெய்த வாரங்களில் ஒரேயடியாகச் சரிகிறது. கடை வாங்க நினைப்பவர்கள் ஒரு மாதச் சீட்டோடு திருப்திப்படக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்கும் கேட்டு வாங்க வேண்டும். மார்கழியில் விலை பேசி மே மாதத்தில் கடையைத் திறந்தால் மனசு உடைந்துவிடும்.

பிறகு தாளும் பேனாவும். ஒரு காபி 20 ரூபாய். பொடி 10 கிராம், கிலோ 700 என்று வைத்தால் 7 ரூபாய். பால் 100 மில்லி, லிட்டர் 60 என்றால் 6 ரூபாய். சர்க்கரை, கேஸ், தண்ணீர் சேர்த்து ஒன்றரை. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் போனால் விற்பனையில் 5 சதவீதம், அதாவது கப்புக்கு ஒரு ரூபாய். அதைத் தனியாக வாடிக்கையாளரிடம் வாங்கவும் முடியாது. ஆக பதினைந்தரை போக நிற்பது நான்கரை. எண்ணூறு கப்புக்கு 3,600 ரூபாய். மாதத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம். அதற்குள் வாடகை, மாஸ்டர் சம்பளம், தம்பிக்கு, அக்காவுக்கு, கரண்டுக்கு. காபியை மட்டும் நம்பினால் கடை நடக்கும், குடும்பம் நடக்காது. வடையும் போண்டாவும் பட்டர் பன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காபிதான் ஆளை அழைத்து வருகிறது; வாடகை கட்டுவது வடை.

இந்தக் கணக்கிலேயே என்னைத் துள்ள வைத்த வரி இன்னொன்று. மாஸ்டர் கப்புக்கு ஒரே ஒரு கிராம் பொடி கூடுதலாகப் போட்டால்? எழுபது காசு. எண்ணூறு கப்புக்கு 560 ரூபாய். மாதத்துக்கு 16,800! ஒரு கிராம் குறைத்தாலோ அதே தொகை மிச்சம், ஆனால் மூன்றாம் நாளே "என்ன மாஸ்டர், இன்னிக்கு டிகாக்ஷன் தண்ணியா இருக்கு?" என்ற கேள்வி மேடைக்கு வந்துவிடும். கடையின் லாபமும் பெயரும் மாஸ்டரின் விரலிடுக்கில் இருக்கிற அந்த ஒரு கிராமில் நிற்கின்றன. நான் இங்கே எழுத வந்ததே இதைத்தான். கடையை வாங்குகிறவர் மாஸ்டரைப் பெற்றால்தான் கடையைப் பெற்றார். மற்றதெல்லாம் பாத்திரம்.

அதனால் உண்மையான நேர்முகத் தேர்வு மாஸ்டருக்கு நடக்கவில்லை, புது முதலாளிகளுக்கு நடந்தது. மதியம் கூட்டம் ஓய்ந்த நேரம். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர், பதின்வயதில் சென்னைக்கு வந்து டம்ளர் கழுவத் தொடங்கியவர். "மூணு விஷயம்மா. பொடிய மாத்துறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க. பால்ல தண்ணி ஊத்தச் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல நான் வரமாட்டேன், அது என் பேத்திக்கு." தோழி மூன்றுக்கும் அந்த இடத்திலேயே சரி சொன்னாள். "நாலாவதா நான் ஒண்ணு சொல்லட்டுமாண்ணா? உங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வாங்கப்போறேன்." தமிழ்நாட்டில் 2021இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வசதி தந்தே ஆக வேண்டும். எத்தனை கடைகளில் மாஸ்டர்கள் இன்னும் நாள் முழுக்க நின்றபடியே இருக்கிறார்கள்! மாஸ்டர் ஸ்டூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று எங்கள் மூவருக்கும் வந்த காபியில் நுரை டபராவைத் தாண்டி நின்றது.

பொடிக்கு வருவோம், எனக்கு அதில்தான் ஆசை அதிகம். கடைக்குப் பொடி வருவது தி.நகர்ப் பக்கம் வறுத்து அரைத்துக் கொடுக்கும் ஒரு கடையிலிருந்து. புது முதலாளிகளை அறிமுகப்படுத்த மாஸ்டரே கூட்டிப்போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். வாசலில் கால் வைத்ததுமே புடவை, முடி, கைப்பை எல்லாம் காபி வாசனை! சாக்குகளில் பச்சைக் கொட்டை. சாம்பல் கலந்த பச்சை நிறம், முகர்ந்தால் வைக்கோல் வாசம். காபி வாசனை துளிகூட இல்லை. ஒரு சாக்கில் பிளான்டேஷன் ஏ, சல்லடையில் நின்ற பெரிய கொட்டை. இன்னொன்றில் பீபெரி. வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டித் தட்டையாக வளரும். சில பழங்களில் ஒன்றே ஒன்று வளர்ந்து உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி. உருண்டை என்பதால் டிரம்முக்குள் நன்றாகப் புரண்டு எல்லாப் பக்கமும் சீராக வறுபடும் என்பது வறுப்பவர்களின் அபிப்பிராயம்.

இந்தியாவில் காபி அதிகம் விளைவது கர்நாடகத்தில், அடுத்து கேரளம், மூன்றாவதாக நாம். நம் பங்கு சிறியதுதான், ஆனால் சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் நீலகிரியிலும் ஆனைமலையிலும் விளைகிறது. அன்று டிரம்மில் இருந்தது ஏற்காட்டுக் கொட்டை என்றார்கள். டிரம் சுழலச் சுழல பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, திடீரென்று உள்ளே படபடவென்று வெடிச் சத்தம், பொரி வறுக்கும்போது கேட்குமே அப்படி! கொட்டைக்குள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துக்கொண்டு வெளியே வரும் சத்தம் அது. வறுப்பவர் அந்தச் சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே நிற்கிறார். கொஞ்சம் முந்தினால் புளிப்பு, கொஞ்சம் பிந்தினால் கரி. ஒரு கிலோ பச்சைக் கொட்டை உள்ளே போனால் வெளியே வருவது ஏறக்குறைய 850 கிராம்தான். மிச்சம் ஆவியாகவும் புகையாகவும் தெருவுக்குப் போய்விடுகிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!

அடுத்த அறையில் சிக்கரி. குஜராத்திலிருந்து வரும் ஒரு கிழங்கு; வெட்டி, காயவைத்து, வறுத்தது. அதில் காஃபீன் கிடையாது. சிக்கரி என்றாலே கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளவோடு சேர்ந்த சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு டிகாக்ஷனை மெதுவாக இறக்குகிறது, நிறமும் அடர்த்தியும் தருகிறது. பால் அதிகம் சேரும் நம் காபிக்கு அந்த அடர்த்தி வேண்டும். தப்பு எங்கே வருகிறதென்றால் அளவை மறைக்கும்போது. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று பொட்டலத்தில் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். நம் கடைக்கு எண்பதுக்கு இருபது. பெரியவர் காலத்திலிருந்து அதே கலவை, அதே அரவை.

விலை மட்டும் அதே விலை இல்லை. 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் அராபிகா விலை 1977இன் உச்சத்தையே தாண்டியது. 1977இல் ஏறியதற்குக் காரணம் 1975இல் பிரேசில் தோட்டங்களைக் கருக்கிய உறைபனி. இந்த முறை அங்கே வறட்சி. ரியோவுக்கும் மாம்பலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கடையின் விலைப்பலகையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பதினைந்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி பதினெட்டு, அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டி இருபது. தாளைக் கொஞ்சம் உரித்தால் மூன்றும் தெரிகின்றன!

இனி விடிகாலை. நான்கு மணிக்கு முன்பே ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. தெருவில் பால் வண்டி சத்தம் மட்டும். மாஸ்டர் முதலில் செய்வது என்ன தெரியுமா? முந்தைய இரவு கழுவிக் கவிழ்த்த ஃபில்டரின் மேல் பாத்திரத்தை எடுத்து, பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியைப் பார்க்கிறார். நூற்றுக்கணக்கான துளிகளாக வெளிச்சம்! ஒரு மூலையில் ஏழெட்டுத் துளை இருட்டாக இருந்தால் அங்கே பொடி அடைத்திருக்கிறது. அடுப்புத் தீயில் ஒரு காட்டு காட்டி, தட்டி, மறுபடி பல்புக்கு நேரே. எல்லாத் துளையும் மின்னிய பிறகுதான் பொடி டப்பாவின் மூடி திறக்கிறது.

பொடி அளக்கத் தராசு இல்லை, விளிம்பு நெளிந்த பழைய எவர்சில்வர் டம்ளர்தான். தோழியின் கணவர் ஒரு டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து வைத்தார். மாஸ்டர் டம்ளரைக் கோரி, மேலே விரலால் ஒரு வழி வழித்துக் கொட்டினார். மறுபடி, மறுபடி. தராசின் எண் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் அசையவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டியும் விட்டேன். மாஸ்டர் தலையைத் தூக்காமல், "தராசு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பொடியை அமுக்கக் கூடாது. பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, அது தானாகச் சமமாகிவிடும். கொதித்து அடங்கிய தண்ணீரில் ஒரே ஒரு கரண்டி, வட்டமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு. அங்கே நிறுத்திவிடுகிறார். பொடி நனைந்து, மெல்ல உப்பி, மேலே சின்னச் சின்னக் குமிழாக மூச்சு விடுகிறது! வறுத்தபோது கொட்டைக்குள் தங்கிவிட்ட வாயு வெளியேறுகிறது. அது போன பிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்கிச் சாரத்தை எடுக்க வழி கிடைக்கும். குமிழ் வராவிட்டால் பொடி பழசு என்று அர்த்தம். குமிழ் அடங்கியதும் மிச்சத் தண்ணீர், மூடி, காத்திருப்பு.

பிறகு சொட்டு. மாஸ்டர் அதைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். பால் பாக்கெட்டுகளை வெட்டிக்கொண்டே காது ஃபில்டர் பக்கம். சொட்டு ஓடினால் அரவை கரகரப்பு, டிகாக்ஷன் நீர்த்துப்போகும். நின்று நின்று விழுந்தால் பொடி நைஸாகிவிட்டது, கசப்பு ஏறும். சரியான நாளில் அது ஒரே தாளத்தில் விழுகிறது, கறுப்பாக, கனமாக, கள்ளிச்சொட்டாக. அந்த முதல் டிகாக்ஷனில் ஒரு கரண்டி எடுத்து அவர் முதல் காபி கலப்பது யாருக்கும் இல்லை, சாமி படத்துக்கு முன்னால் வைப்பதற்கு. அதே பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் வருவது இரண்டாம் டிகாக்ஷன். லைட் கேட்பவர்களுக்கு அதில் கொஞ்சம் கலக்கலாம். அதை மட்டும் வைத்துக் காபி கலந்து கொடுப்பது இந்தக் கடையில் குற்றம். இறங்கிய டிகாக்ஷனை நேரடித் தீயில் காட்டுவதும் கூடாது. வெந்நீருக்குள் பாத்திரத்தை உட்காரவைத்துச் சூடு காக்கிறார்கள். பால் பாய்லரும் அதே தத்துவம்தான்: இரட்டைச் சுவர், நடுவில் கொதிக்கும் தண்ணீர், அதனால் பால் அடிப்பிடிக்காது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதில் டிகாக்ஷன் போட்டால் ஏற்காட்டின் மணமெல்லாம் எங்கேயோ போய்விடும். பாய்லருக்குள்ளும் வெள்ளைப் படிவம் கட்டும். டிகாக்ஷனுக்குக் கேன் தண்ணீர், கழுவ மட்டும் போர் தண்ணீர். கடையை வாங்கும்போது பாய்லரின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. நாங்கள் பார்த்தோம், சுத்தமாக இருந்தது, பெரியவர் மேல் மரியாதை இன்னும் கூடியது.

ஐந்தரைக்குப் பிறகு மேடையில் நடப்பதைக் கண்ணால் தொடர முடியாது. டம்ளரில் வெந்நீர் அலசல், சர்க்கரை, டிகாக்ஷன், உயரத்திலிருந்து பால், டபராவுக்கு ஒரு இழுப்பு, திரும்ப டம்ளருக்கு, நுரையோடு மேடையில். ஆர்டர் எங்கிருந்து வருகிறது? பாதிப் பேர் வாயைத் திறப்பதே இல்லை! தெருமுனையில் குடை தெரிந்ததும் "அந்த சாருக்கு ஸ்ட்ராங், வித்தவுட்" என்று மாஸ்டர் தம்பியிடம் சொல்கிறார். குடை வந்து சேரும்போது காபி மேடையில் ஆவி பறக்கிறது. தோழி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்: நீலச் செருப்பு மாமி, சர்க்கரை தூக்கல். பேப்பர் போடும் பையன், அரை காபி, ஒரு பன். ஸ்டேஷனுக்கு ஓடும் அக்கா, லைட், சூடு கம்மி. பெரியவர் விற்ற குட்வில் முழுவதும் அந்த நோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் விட முடியாது. விலை பேசும் முன்பே கட்டடச் சொந்தக்காரரைப் பார்த்தாக வேண்டும். அவர் புது வாடகை ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காவிட்டால் நீங்கள் வாங்கியது தெருவில் நிற்கும் ஒரு பாய்லர். உணவுப் பாதுகாப்பு உரிமம், கடையோடு சேர்ந்து கைமாறாது. புது முதலாளி தன் பெயரில் புதிதாக எடுத்து, அந்த 14 இலக்க எண்ணைக் கடையில் மாட்ட வேண்டும். ஜிஎஸ்டி பதிவும் புதிது. மாநகராட்சித் தொழில் உரிமம், கடைக்கான மின் இணைப்பு, வணிக சிலிண்டர். பார்சலுக்குப் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் அது தமிழ்நாட்டில் தடை. பாத்திரம் கொண்டுவந்து வாங்கினால் இரண்டு ரூபாய் குறைவு என்று தோழி அறிவித்திருக்கிறாள், தூக்குவாளிகள் மறுபடி தெருவில் நடக்கத் தொடங்கியிருக்கின்றன!

பெயர்ப்பலகையில் பழைய பெயரே இருக்கட்டும் என்று முடிவு. எழுத்தின் அளவுக்கும் விதி உண்டு: தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு. பலகை எழுதுபவர் ஆங்கிலத்தை எங்கே போடுவது என்று கேட்டார். "எதுக்குண்ணா? தமிழே முழுசா இருக்கட்டும்" என்றாள் தோழி. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, தெருக்கோடியிலிருந்தே கண்ணைப் பறிக்கிறது.

கைமாறுவதற்கு முந்தைய இரவு பாத்திரக் கணக்கு. ஷட்டரை இறக்கிவிட்டு, தரையில் சாக்கு விரித்து, டபரா டம்ளர்களை வரிசையாக அடுக்கினோம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கடையின் முதலெழுத்து வெட்டியிருக்கிறது, பார்சல் போனது திரும்பி வரட்டும் என்று. ஆனால் நடுநடுவே வேறு பெயர்கள்! யாரோ ஒரு வீட்டு டம்ளர், ஒரு கல்யாண மண்டபத்து டபரா, தேதி வெட்டிய ஒரு சீர் டம்ளர். கொண்டுவந்து வாங்கிப்போனவர்கள் மாற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். பெரியவர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, "இது மூணாவது வீடு. இது மாடி வீட்டுக்காரங்களோடது" என்று சொல்லிக்கொண்டே தனியாக வைத்தார். மறுநாள் தம்பி வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு, கடையின் டம்ளர்கள் ஏழெட்டை மீட்டுக்கொண்டு வந்தான்.

புது முதலாளிகளின் முதல் நாள் நாலரைக்கே தோழி கல்லாவில். முதல் போணி பெரியவருடையது; கடையில் இத்தனை வருடத்தில் அவர் காசு கொடுத்துக் குடித்த முதல் காபி. குடித்தார், டபராவை வைத்தார், "பொடி இன்னிக்கு நல்லா இறங்கியிருக்கு" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வாக்கிங் கூட்டத்தோடு பேசப் போய்விட்டார். எட்டேகாலுக்குப் பால் தீரும் நிலை. தம்பி சைக்கிளில் பறந்து பத்து லிட்டர் கொண்டுவந்தான். நான் டம்ளர் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு பேருக்கு மீதிச் சில்லறைகூடக் கொடுத்தேன்!

மாலை கூட்டம் குறைந்ததும் அடுத்து என்ன என்று பேச்சு வந்தது. "மாஸ்டர்ண்ணா, வெயில் காலத்துக்குக் கோல்டு காபி போடலாமா?" என்று கேட்டாள் தோழி. மாஸ்டர் புது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ஐஸ் பெட்டி வைக்க எடம் எங்கம்மா? அதுக்குப் பதிலா பொடி விக்கலாம். தினம் நாலு பேரு கேக்குறாங்க, வீட்ல போட்டா இந்த ருசி வரலன்னு. இங்கயே அரைச்சு, அன்னன்னிக்கு அரைச்சத மட்டும், நூறு கிராம் பொட்டலமா." தோழியின் கணவர் உடனே பேனாவை எடுத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. பொட்டலத்தில் காபி 80, சிக்கரி 20 என்று கொட்டை எழுத்தில், மறைக்காமல், அச்சடிக்கக் கொடுத்தாயிற்று. கழுவும் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடமும் பார்த்தாயிற்று. அரவை மிஷின் வெள்ளிக்கிழமை வருகிறது!